பீலிக்கரைப் பாசியும் இலண்டன் புத்தகங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"சேர், தாங்கித் தண்ணி பச்சையாகிப் போச்சு. கொதிக்க வச்சுக் குடிச்சா சரிதானே?" வெயில் காலம் வந்தால் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நூற்றி இருபது வருடங்களுக்கு மேலான அந்த வரலாற்றில் இலங்கைத் தண்ணீருக்குப் பெரிய இடம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால், ஏன் அந்தப் பதில் அப்படி இருக்கிறது என்பதும் விளங்கும்.

முதலில் பெயரைச் சரி பண்ணிக்கொள்வோம். நாம் எல்லாவற்றையும் பாசி என்றுதான் சொல்கிறோம். பீலிக்கரைக் கல்லில் வழுக்குவதும் பாசி, கானில் நூல் நூலாக ஆடுவதும் பாசி, பள்ளி ஹவ்ழின் சுவரில் படிவதும் பாசி. ஆனால் இதற்குள் இரண்டு வேறு வேறு குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல புல் பச்சையில் நூலாக நீளுவது பெரும்பாலும் பச்சை அல்கா. அது செடி கொடிகளுக்குச் சொந்தம். கரும்பச்சையாக, சில நேரம் நீலம் கலந்து, சில நேரம் கிட்டத்தட்டக் கறுப்பாகச் சளி மாதிரிப் படிவது வேறு இனம். எங்கள் காலத்துப் பாடப்புத்தகத்தில் அதற்கு நீலப்பச்சை அல்கா என்று பெயர். இப்போது பிள்ளைகள் சயனோபற்றீரியா என்று படிக்கிறார்கள். அதன் கலத்துக்குள் கரு கிடையாது. அது ஒரு பற்றீரியா. ஆனால் செடியைப் போல வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனை வெளிவிடுகிறது. இதனால் இதை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று அறிஞர்களுக்கே நீண்ட காலம் பிரச்சினை. றோஜர் ஸ்ரானியர் என்பவரும் சகாக்களும் இவற்றைப் பற்றீரியாக்களின் பெயரிடல் விதிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று முறைப்படி கேட்டது 1978 இல்தான்.

வயதைக் கேட்டால் தலை சுற்றும். பூமியின் காற்றில் ஒட்சிசன் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி வருடங்களுக்கு முன்பு. அதைச் செய்தது இந்த இனத்தின் முன்னோர்கள். நாம் இழுத்து விடுகிற மூச்சுக்கு வழி திறந்தது, பீலிக்கரையில் நம்மை வழுக்கி விழுத்துகிற இந்தச் சாமான்தான்.

எங்கள் மலையில் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெரிய பாறை முகங்களில் மேலிருந்து கீழாகத் தார் ஊற்றியது போலக் கறுப்புக் கோடுகள் வடிந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். மழை நீர் வடியும் தடத்தில் வளரும் சயனோபற்றீரியாக்கள்தான் வெப்ப நாடுகளில் பெரும்பாலும் அந்தக் கோடுகளைப் போடுகின்றன. வெயிலில் காய்ந்து மேலோடாகிக் கிடக்கும். மழை தொட்டதும் உயிர் வந்துவிடும். மழைக்குப் பிறகு வெறும் நிலத்தில் கரும்பச்சை ஜெலி போல ஒன்று சுருண்டு கிடந்தால் அது நொஸ்ரொக். பிள்ளைகள் அதைத் தவளை போட்டது என்பார்கள். ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினால், மணிமாலை மணிமாலையாகக் கோத்திருக்கும். ஒரு தரம் பார்த்த பிள்ளை மறுபடி பார்க்கத்தான் வரிசையில் நிற்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

தோமஸ் லிப்டன் ஊவாவில் தேயிலைத் தோட்டங்களை வாங்கியது 1890 இல். அதற்குப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 1902 இல், இலண்டன் லின்னியன் சங்கத்தின் வெளியீட்டில் இலங்கையின் நன்னீர் அல்காக்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வில்லியம் வெஸ்ற், அவருடைய மகன் ஜோர்ஜ் ஸ்ரீபன் வெஸ்ற். தகப்பன் இங்கிலாந்தின் பிரட்போர்ட் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். பிறகு அதே ஊரில் தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் ஆனார். கடையில் மருந்து கட்டிக் கொடுத்த மனிதர் மகனையும் சேர்த்துக்கொண்டு உலகத்துக் குளத்துத் தண்ணீரையெல்லாம் நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஒவ்வொரு கலத்தையும் கையால் வரைந்து வைத்தார். படம் என்றால் அப்படி ஒரு படம். இன்றும் அதைப் பார்த்துத்தான் இனங்களை ஒப்பிடுகிறார்கள்.

அடுத்து வந்தவர்தான் எங்களுக்கு முக்கியமானவர். பீலிக்ஸ் யூஜின் பிரிட்ச், 1879 இல் பிறந்தவர். இருபதுகளில் இருந்தபோதே இலங்கைக்கு வந்து பாசிகளைச் சேகரித்தார். 1907 இல் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் இலங்கையின் நன்னீர்ப் பாசிகளையும், தண்ணீருக்கு வெளியே பாறையிலும் மரத்திலும் சுவரிலும் வளரும் பாசிகளையும் பற்றி எழுதினார். அதே வருடம் வெப்ப வலயம் முழுவதையும் சேர்த்து இன்னொரு கட்டுரை. அவர் கண்டது இதுதான்: ஐரோப்பாவில் ஈரச் சுவரையும் மரப்பட்டையையும் பச்சை அல்காக்கள் பிடித்துக்கொள்கின்றன, இங்கே அந்த இடத்தை நீலப்பச்சை இனம் பிடித்திருக்கிறது. தண்ணீரிலும் அதன் கை ஓங்கியிருக்கிறது.

ஏன் என்பதற்கு இன்று நமக்கு நல்ல விளக்கம் உண்டு. இந்த இனத்தில் பலவற்றுக்குக் கலத்தைச் சுற்றி ஒரு சளி உறை இருக்கிறது. கடும் வெயிலில் அந்த உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிலவற்றின் உறையில் மஞ்சளும் கபிலமுமாக ஒரு நிறமி இருக்கும். அது வெயிலுக்குக் குடை பிடிக்கும். இதோடு பல இனங்களுக்குச் சூடு கூடக் கூட வளர்ச்சியும் கூடும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் ஒரு நாட்டில் இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

அதே 1907 இல் ஜேர்மனியின் லெம்மர்மான் இலங்கை நீர்நிலைகளின் மிதவை உயிர்களைப் பற்றி எழுதினார். 1923 இல் குரோ என்ற ஆங்கிலேயர், இலங்கையில் உள்ள மைக்குரோசிஸ்ரிஸ் என்ற ஒரே ஒரு சாதியை மட்டும் எடுத்துத் தனிக் கட்டுரை எழுதினார். அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். அவருக்கு இருந்த தலைவலி எந்த ஆசிரியருக்கும் விளங்கும்: ஒரு திரளை ஒரு இனம் என்று எழுதினால், அடுத்த துளியில் அதற்கும் பக்கத்து இனத்துக்கும் நடுவான ஒன்று மிதக்கிறது. கோடு எங்கே போடுவது?

இந்தக் கட்டுரைகளின் பெயர்களை அடுக்கிப் பார்க்கும்போது எங்களுக்கு ஒன்று உறுத்துகிறது. அவர்கள் போத்தலில் அள்ளிய தண்ணீர் யாரோ குடித்த, குளித்த, வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர். அன்றைய கேள்வி "என்ன இனம்?" என்பதோடு நின்றுவிட்டது. குடிப்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்கும் காலம் வரவில்லை. ஆனால் இலைக்கு என்ன ஆகும் என்று கேட்கும் காலம் எப்போதோ வந்துவிட்டது. 1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்ததும் கொஞ்ச வருடத்தில் மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞரை இங்கிலாந்தில் இருந்து அனுப்பிவைத்தார்கள். தேயிலை இலையில் செந்துரு போலப் படிவதும் ஒரு பச்சை அல்காதான். அதை உன்னிப்பாக ஆராய்ந்தார்கள். தேயிலைக்கென்று ஆராய்ச்சி நிலையம் 1925 இல் வந்தது. லயத்துப் பீலிக்கு அப்படி ஒரு நிலையம் வரவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை; காசு எங்கே இருந்ததோ அங்கே நுணுக்குக்காட்டி திரும்பியது.

பிரிட்ச் இங்கிலாந்து திரும்பி, இலண்டன் குயின் மேரி கல்லூரியில் பேராசிரியராகி, அல்காக்களைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார் (1935, 1945). அவரிடம் படிக்க நம் பக்கத்து ஆட்களும் போனார்கள். சென்னையில் இருந்து போனவர் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். இந்தியாவில் அல்கா ஆராய்ச்சியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1932 இல் தான் கண்டுபிடித்த ஒரு புதிய அல்காவுக்கு பிரிட்சியெல்லா என்று ஆசானின் பெயரையே வைத்தார். ஐயங்காரின் வழியில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959 இல் சயனோபற்றீரியாக்களுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். தெற்காசியாவில் இந்த இனங்களை அடையாளம் காண்பவர்கள் இன்றும் மேசையில் வைத்திருக்கும் புத்தகம் அது. இலங்கைப் பாறையில் பாசி சுரண்டிய இளைஞனிடம் இருந்து சென்னைப் பல்கலைக்கழகம் வரைக்கும் ஒரு சங்கிலி.

இன்னொரு சங்கிலி வயலுக்குப் போனது. பி.கே. டே என்ற வங்காளத்து அறிஞரும் பிரிட்சும் சேர்ந்து 1938 இல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள்: நீலப்பச்சை அல்காக்கள் காற்றில் உள்ள நைதரசனைப் பிடிக்கின்றன. அடுத்த வருடம் டே நெல் வயலைப் பற்றியே எழுதினார். நைதரசன் உரம் போடாமல் வருடா வருடம் விதைத்தும் வயல் ஏன் வற்றிப்போகவில்லை என்ற பழைய புதிருக்கு விடை, வயல் தண்ணீரில் மிதக்கும் இந்தச் சின்ன உயிர்களிடம் இருந்தது.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாமல் போக முடியாது, அவ்வளவு அழகான ஏற்பாடு. நைதரசனைப் பிடிக்கும் நொதியத்துக்கு ஒட்சிசன் ஆகாது. ஆனால் இந்த உயிரோ ஒட்சிசனை வெளிவிடும் உயிர். ஒரே வீட்டில் நெருப்பும் பஞ்சும். அதற்கு நொஸ்ரொக்கும் அனபீனாவும் என்ன செய்கின்றன என்றால், மாலையில் இடைக்கிடையே ஒரு மணியை வேறாக்கிவிடுகின்றன. அந்த மணியின் சுவர் தடிக்கும், அது ஒட்சிசன் விடுவதை நிறுத்திவிடும், உள்ளே நைதரசன் வேலை மட்டும் நடக்கும். பக்கத்து மணிகள் அதற்குச் சீனி கொடுக்கும், அது அவர்களுக்கு நைதரசன் கொடுக்கும். இந்தத் தனி மணிகள் எப்படி உருவாகின்றன, எப்போது நொதியம் வேலை தொடங்குகிறது என்று 1972 இல் றோயல் சங்க வெளியீட்டில் எழுதிய மூவரில் முதல் பெயர் எஸ்.ஏ. குலசூரிய. நம் நாட்டுக்காரர், பின்னாளில் பேராதனையில் பேராசிரியர். பிரிட்சின் கட்டுரை வந்த அதே சங்கத்தின் வெளியீட்டில், அறுபத்தைந்து வருடம் கழித்து, ஒரு இலங்கையர். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல கதை. இனி மற்றப் பக்கம்.

எங்கள் பூனாகலை ஓயா எங்கே போகிறது என்று வகுப்பில் கேட்டால், தியலும நீர்வீழ்ச்சி வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்தில் இருந்து அங்கே விழுகிறது. அதற்குப் பிறகு? குடா ஓயா, பிறகு கிரிந்தி ஓயா, பிறகு லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம், திஸ்ஸமகாராமப் பக்கத்து வயல்கள், கடல். மலையின் மறுபக்கம், பண்டாரவளைப் பக்கமாக விழும் மழை மகாவலியில் சேர்கிறது. ஆக, எங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழை தீவின் இரண்டு திசையிலும் குளங்களை நிரப்புகிறது.

ஓடும் தண்ணீரில் இந்த இனம் கல்லைப் பிடித்துக்கொண்டு தோலாகப் படிந்து வாழும். மிதந்து பெருக நேரம் கிடைக்காது, அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் நின்றால்தான் மிதக்கும் வகைகளுக்குக் காலம். நின்ற தண்ணீர், சூடு, அதோடு உரச்சத்து, முக்கியமாகப் பொசுபரசு. இந்த மூன்றும் சேர்ந்தால் குளம் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல ஆகிவிடும். மைக்குரோசிஸ்ரிஸின் கலங்களுக்குள் சின்னச் சின்ன வாயுப் பைகள் இருக்கின்றன. அதனால் மேலே வந்து மிதக்கும். காற்று அதைக் கரையில் ஒதுக்கும். நாம் குடம் அமிழ்த்துவதும் மாடு வாய் வைப்பதும் அந்தக் கரையில்தான்.

உலர் வலயக் குளங்களுக்கு இது புதிதல்ல. 1979 முதல் சில வருடங்கள் ஒஸ்ரிய ஆய்வாளர்களும் இலங்கையரும் சேர்ந்து பராக்கிரம சமுத்திரத்தை ஆராய்ந்தார்கள். 1983 இல் அது புத்தகமாக வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு அரசன் கட்டிய குளத்தின் பச்சை நிறத்தில் சயனோபற்றீரியாக்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. நம் உலர் வலயக் குளங்களில் காணப்படும் மெல்லிய நூல் போன்ற இனம் ஒன்று, 1912 இல் ஜாவாத் தீவின் தண்ணீரில் இருந்து முதலில் விவரிக்கப்பட்டது; ரசிபோர்ஸ்கி என்ற போலந்து அறிஞரின் பெயரைச் சுமக்கிறது. அதுவும் பிறகு வரும்.

மலைநாட்டில்தான் கதை மாறியது. கொத்மலை நீர்த்தேக்கம் 1985 இல் பாவனைக்கு வந்தது. 1991 இல், ஆறே வருடத்தில், அங்கே மைக்குரோசிஸ்ரிஸ் பூத்துப் பரவியது. நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களும் தேயிலை மலைகளும் அதன் நீரேந்துப் பகுதியில் இருக்கின்றன. மழையோடு மண்ணும், மண்ணோடு உரமும் இறங்கி வந்து நின்ற தண்ணீரில் சேர்கின்றன. 1999 இல் கண்டி வாவி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மூடிக் கட்டிய அந்த வாவி, நகரத்துக் கான்களின் கழிவையெல்லாம் வாங்கி வாங்கிக் கடைசியில் பச்சைக் குழம்பானது. இ.ஐ.எல். சில்வா அதை 2003 இல் இந்தியாவின் ஒரு அறிவியல் இதழில் பதிவு செய்தார். 1923 இல் குரோ வகை பிரிக்க மாய்ந்த அதே மைக்குரோசிஸ்ரிஸ். அன்று துளியில் இருந்தது, இன்று வாவி முழுக்க.

ஏன் பயப்பட வேண்டும்? இதை அவுஸ்திரேலியாவில் தொடங்க வேண்டும். 1878 இல் அங்கே அலெக்சாண்ட்ரினா ஏரியில் பச்சைப் படலம் படிந்த தண்ணீரைக் குடித்த ஆடு மாடு குதிரைகள் செத்தன. ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் இலண்டன் இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதம்தான் பாசி நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் பதிவு. பிரிட்ச் இலங்கைக்கு வருவதற்கு முன்பே அது அச்சில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது மாட்டுக் கதையாகவே கிடந்தது.

நூறு வருடம் கழித்து, 1979 இல், அதே அவுஸ்திரேலியாவின் பாம் தீவு. பழங்குடி மக்கள் வாழும் தீவு. ஒரே ஒரு அணையில் இருந்து குடிதண்ணீர். அணையில் பாசி பூத்துத் தண்ணீர் நாறியதும், செப்புச் சல்பேற்று போட்டுப் பாசியைக் கொன்றார்கள். சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். ஈரல் வீங்கியது, வாந்தி, பிறகு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. நல்ல வேளையாக யாரும் சாகவில்லை. பெயர் தெரியாத நோய் என்றுதான் முதலில் எழுதினார்கள். பிறகுதான் தெரிந்தது: அணையில் இருந்தது நாம் மேலே சொன்ன ஜாவாத் தீவு இனம். நஞ்சு அதன் கலத்துக்குள் இருந்தது. செப்பு கலத்தை உடைத்தது, நஞ்சு தண்ணீரில் கரைந்து குழாய் வழியே வீட்டுக்கு வந்தது.

1996 இல் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்தது இதைவிடக் கொடுமை. சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் ஒரு நிலையம். சரியாகச் சுத்திகரிக்கப்படாத தண்ணீர் லொறியில் வந்தது. அதில் மைக்குரோசிஸ்ரின் என்ற பாசி நஞ்சு இருந்தது. நஞ்சு நேராக இரத்தத்துக்குள் போய், ஈரல் செயலிழந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு ஒரு எல்லை வைத்தது: அந்த நஞ்சின் முக்கிய வகை ஒரு லீற்றரில் 1 மைக்குரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு.

இலங்கையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்.பி. ஜயதிஸ்ஸ, இ.ஐ.எல். சில்வா ஆகியோர், ஸ்கொட்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து. 2006 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, நம் நன்னீர் நிலைகளில் நஞ்சு உண்டாக்கும் பூப்புகள் இருப்பதைக் காட்டியது. கொழும்பின் பேரை வாவியும் அதில் ஒன்று. வெஸ்ற் தகப்பனும் மகனும் எழுதியதில் இருந்து எண்ணினால் 104 வருடம்.

எங்கள் மாவட்டத்தில் கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பது உங்களுக்குத் தெரியும். கடின நீரும் புளோரைட்டும், விவசாய இரசாயனம், பார உலோகம், வெயிலில் உடம்பு நீர் வற்றுவது என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. பாசி நஞ்சும் அந்தப் பட்டியலில் ஒன்று. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இதுதான் என்று முகநூலில் சத்தியம் பண்ணுகிறவர்களை நம்பாதீர்கள். விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இங்கேதான் பன்முகத்தன்மை என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. பச்சையாக இருப்பதெல்லாம் நஞ்சல்ல. நொஸ்ரொக்கைச் சில நாடுகளில் சாப்பிடுகிறார்கள். ஸ்பிருலினா மாத்திரை பாமசியில் கிடைக்கிறது. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு வகைக்கு நஞ்சு செய்யும் மரபணு இருக்கும், பக்கத்தில் மிதக்கும் அதே முகமுள்ள இன்னொரு வகைக்கு இருக்காது. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்றுதான். குரோவுக்கு வந்த தலைவலியின் மீதிப் பாதி இது. அதனால்தான் கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் தம்மிக்க மகன ஆரச்சியும் சகாக்களும் இலங்கைத் தண்ணீரில் உள்ள சயனோபற்றீரியாக்களை மரபணு வழியாக வகைப்படுத்தத் தொடங்கினார்கள். படம் வரைந்த காலம் முடிந்து, டீ.என்.ஏ. வாசிக்கும் காலம்.

சரி, பெற்றோர் கேட்ட கேள்விக்கு. பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் வயிற்றோட்டக் கிருமி சாகும். பாசி நஞ்சு அழியாது. மைக்குரோசிஸ்ரின் கொதி சூட்டையும் தாங்கும். அதோடு சூட்டில் கலம் உடைந்து உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலக்கும். பச்சை நிரம்பிய தாங்கியில் அப்படியே பிளீச்சிங் கொட்டுவதும் பாம் தீவில் செய்த வேலையைப் போலத்தான். முதலில் தண்ணீரைத் திறந்து விடுங்கள், சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், கழுவிய தண்ணீரையும் வெளியேற்றுங்கள், அதற்குப் பிறகு புதுத் தண்ணீருக்கு அளவாகக் குளோரின். ஹவ்ழுக்கும் இதே முறைதான். வுழூச் செய்யும்போது வாய் கொப்பளிக்கிறோம், மூக்குக்குள் தண்ணீர் செலுத்துகிறோம் என்பதைப் பள்ளி நிருவாகத்தினர் நினைவில் வைக்கவும்.

தாங்கிக்குள் வெளிச்சம் போகாவிட்டால் இந்த இனத்துக்குச் சாப்பாடு இல்லை. வெள்ளை, வெளிர் நிறத் தாங்கி என்றால் கறுப்புப் பொலித்தீனால் சுற்றுங்கள், மூடியை இறுக்குங்கள். 2014 கடைசியில் உமா ஓயாச் சுரங்க வேலையோடு பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதில் இருந்து, பவுசர் தண்ணீரைப் பிடித்து நாட்கணக்கில் வைத்திருக்கும் பழக்கம் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. ஓடிய பீலி நின்ற தாங்கியாக மாறியது. அதே உமா ஓயாத் திட்டத்தின் அணைகள் வெலிமடை மரக்கறி நிலங்களுக்குக் கீழே இருக்கின்றன. கொத்மலைக்கு ஆறு வருடம் போதுமாக இருந்தது. உமா ஓயாத் திட்டம் திறந்து வைக்கப்பட்டது 2024 இல்.

சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து, அசையாமல் ஒரு இரவு வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு அல்கா. மேலே வளையமாக மிதந்தால் சயனோபற்றீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், மாட்டுக்கு வைக்கவும் வேண்டாம், பி.எச்.ஐ. ஐயாவுக்குச் சொல்லுங்கள். தண்ணீரில் மழை பெய்த மண் மணம் வந்தாலும் கவனியுங்கள். அந்த மணத்தைக் கொடுக்கும் பொருளையும் இந்த இனம் உண்டாக்கும். மணம் நஞ்சல்ல, ஆனால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

எங்கள் தரம் 10, 11 பிள்ளைகள் இந்தத் தவணையில் பூனாகலை, கபரகலைப் பக்கத்துப் பீலிகளைக் கணக்கெடுக்கிறார்கள். எந்தப் பீலி இன்னும் ஓடுகிறது, எது குழாயாகி விட்டது, எது வற்றியது, எதன் கல்லில் என்ன நிறத்தில் பாசி. ஆளுக்கு ஒரு கொப்பி. பழைய பீலிகளின் பெயர் இளையவர்களுக்குத் தெரியவில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாமார், அப்பாமார், நானாமார் யாராவது இதை வாசித்தால், உங்கள் லயத்தில் எந்தப் பீலியில் தண்ணி எடுத்தீர்கள், அதற்கு என்ன பெயர், எந்த வருடம் வரை ஓடியது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலிலும், ஞாயிறு காலை மாரியம்மன் கோயில் பக்கமும் பிள்ளைகள் கொப்பியோடு நிற்பார்கள்.